வெயிலில் ஒரு வேகம், ட்யூப் லைட்டில் ஒரு வேகம்: குரோனோ ரீடிங்கில் எதை நம்புவது?

குறி177:
வணக்கம். கேள்வி ஒண்ணுதான், நம்பர்தான் நிறைய.

குரோனோ (பெல்லட் வேகத்தை அளக்கிற கருவி): மடிச்சு வைக்கிற ஆப்டிகல் வகை. கீழே ரெண்டு சென்சார், இடைவெளி ஒரு அடி, மேலே கம்பி நட்டு வெள்ளை டிஃப்யூசர் (வெளிச்சத்தைப் பரப்புற தகடு). ரைஃபிள்: .177 (4.5 மி.மீ.) பிசிபி, அதாவது அழுத்தி நிரப்பின காத்துல சுடுற ஏர் ரைஃபிள், ரெகுலேட்டர் (காத்தழுத்தத்தைச் சீரா வைக்கிற பாகம்) உண்டு, 10 மீட்டர் மேட்ச் வேகம். பெல்லட் (ஈயக் குண்டு): 0.53 கிராம் தட்டைத்தலை, எல்லாம் ஒரே டப்பா.

இடம் டெல்லி ஜனக்புரி, மொட்டை மாடி, டிசம்பர்.
காலை 11 மணி, பளிச்சுனு நீல வானம்: 168 முதல் 181 மீ/வி. நடுவுல சிலது பதிவாகவே இல்ல.
சாயங்காலம் 4 மணி, சாய்ஞ்ச வெயில்: 170 முதல் 186. திடீர்னு ஒரு 347!
கீழே ஹாலுக்குள்ள, ட்யூப் லைட்: 161 முதல் 183.
வானம் வெளுத்துப்போய் மூடியிருந்த அன்னிக்கு: 174 முதல் 176.5.

ரெகுலேட்டர் போச்சா, குரோனோ போச்சா? ரெகுலேட்டரைக் கழட்டலாமானு யோசிக்கிறேன்.

ஒளிமானி:
ரெகுலேட்டரில் கை வைக்காதீர்கள். மூடிய வானத்தில் 2.5 மீ/வி வித்தியாசத்துக்குள் சுடும் ரைஃபிள், வெயில் வந்ததும் 13 மீ/வி தடுமாறாது. தடுமாறுவது குரோனோதான். அதுவும் பழுதாகி அல்ல. அதற்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்காமல்.

அந்தப் பெட்டிக்கு வேகம் என்று ஒன்று தெரியாது. மேலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பெல்லட்டின் நிழல் முதல் சென்சாரில் விழுந்து வெளிச்சம் சட்டென்று குறைந்தால் கடிகாரத்தை ஓட்டுகிறது. இரண்டாவதில் குறைந்தால் நிறுத்துகிறது. 175 மீ/வி வேகத்தில் ஒரு அடியைக் கடக்க 1.74 மில்லிவினாடி ஆகும். கடிகாரத்தில் தப்பு வராது, சாதாரண கிரிஸ்டலே மைக்ரோவினாடி கணக்கில் எண்ணிவிடும். தப்பு வருவது, பெல்லட்டின் எந்தப் பகுதி வரும்போது சென்சார் விழித்துக்கொள்கிறது என்பதில். பெல்லட் நீளம் ஏறக்குறைய 6 மி.மீ. ஒரு சென்சார் மூக்கிலேயே விழித்து, மற்றது பாதி உடல் போன பிறகு விழித்தால் 3 மி.மீ. பிசகு. 305 மி.மீ.க்கு அது 1 சதவீதம், அதாவது 1.75 மீ/வி. ரைஃபிளின் மொத்தச் சிதறலே அவ்வளவுதானே!

எந்தப் பக்கம் தப்புகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சென்சார் சோம்பினால் நேரம் குறைந்து வேகம் கூடித் தெரியும். இரண்டாவது சோம்பினால் வேகம் குறைந்து தெரியும். ஆகவே வெளிச்சம் அதிகமா குறைவா என்பதைவிட, இரண்டு சென்சாருக்கும் சமமாக வருகிறதா, சுட்ட கணத்தில் மாறாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

நீல வானம் நம் கண்ணுக்குத்தான் பிரகாசம். சிலிக்கான் சென்சாரின் கூர்மை சிவப்பிலும் அகச்சிவப்பிலும். சூரியனிலிருந்து விலகிய நீல வானத்தில் அந்த அலைநீளங்கள் குறைவு, ஆகவே அதற்கு அது மங்கலான பின்னணி. உங்களுக்குச் சில குண்டுகள் பதிவாகாதது இதனால் இருக்கலாம். வெளுத்த மேகமோ டெல்லிப் புகைமூட்டமோ எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும். மூச்சுக்குக் கேடு, குரோனோவுக்கு நல்லது.

ஸ்பிரிங்பிஸ்டன்:
அந்த 347-ஐப் பார்த்துச் சிரிப்பு வந்துடுச்சு. அது பெல்லட் இல்ல தம்பி, சத்தம். நம்ம பெல்லட் ஒலியைவிட மெதுவாப் போறது. குழல்வாயில கிளம்புற வெடிப்பு பெல்லட்டை முந்திப் போய் ரெண்டு சென்சாரையும் தட்டிடும். ஒலி வேகம் 20 டிகிரியில 343, 27 டிகிரியில 347 மீ/வி. ஏர்கன்ல 340–350 பக்கம் (எஃப்பிஎஸ்ல, அதாவது வினாடிக்கு அடி கணக்குல, 1115லேர்ந்து 1150) ரீடிங் வந்தா யோசிக்காம கணக்குலேர்ந்து அடிச்சுடுங்க.

குழல்வாயை முதல் சென்சார்லேர்ந்து ஒரு மீட்டர் தள்ளி வைங்க. நடுவுல தடிமனான அட்டை ஒண்ணு, 4 செ.மீ. ஓட்டை போட்டு. காத்தடிப்பு, சத்தம் ரெண்டும் அதுல மட்டுப்படும். ஸ்பிரிங் துப்பாக்கியில இன்னொண்ணு: எண்ணெய்ப் புகை. புதுசாவோ எண்ணெய் அதிகமாவோ இருந்தா புகையே முதல் சென்சாரைக் கிளப்பிவிடும், வேகம் குறைச்சலாக் காட்டும்.

துக்ளகாபாத்_லேன்7:
சாயங்கால ரீடிங்கைப் பத்தி யாரும் சொல்லலையே. டெல்லியில டிசம்பர் நண்பகல்லயே சூரியன் 38 டிகிரிக்கு மேல ஏறாது. நாலு மணிக்கு 15 டிகிரி பக்கம் இறங்கிடும். அப்போ வெயில் டிஃப்யூசர் மேல விழாது. அதுக்குக் கீழ பூந்து பெல்லட்டோட வயித்துல அடிக்கும். பளபளப்பான ஈயம் அதைக் கீழ இருக்கற சென்சாருக்குத் திருப்பி விடும். இருட்டாத் தெரிய வேண்டிய பெல்லட் ஒரு பக்கம் மினுங்கினா நிழலோட ஆழம் குறைஞ்சுபோகும். ஒரு குண்டுல மூக்கு மினுங்கும், அடுத்ததுல பாவாடை (பெல்லட்டோட விரிஞ்ச பின்பக்கம்) மினுங்கும். சிதறல் அங்கேர்ந்துதான்.

ரெண்டு பரிகாரம். ஒண்ணு, வெயில் வர்ற பக்கம் அட்டைத் தடுப்பு வைங்க: குரோனோவைவிட நீளமா, டிஃப்யூசர் உயரத்துக்கு, உள்பக்கம் மேட் கறுப்பு. அதோட நிழல் ரெண்டு சென்சாரையும் முழுசா மூடணும். ஒண்ணை மூடி ஒண்ணை விட்டா வைக்காததைவிட மோசம். இன்னொண்ணு சோதனைக்கு மட்டும்: கறுப்பு பர்மனன்ட் மார்க்கரால சில பெல்லட்டோட தலையையும் பாவாடையையும் தேய்ச்சுச் சுடுங்க. சிதறல் பட்டுனு சுருங்கினா குற்றவாளி மினுக்கம்தான். மார்க்கர் பூசின பெல்லட்டை குரூப் பாக்க (குண்டுங்க இலக்குல எவ்வளவு நெருக்கமா விழுதுனு பாக்க) பயன்படுத்தாதீங்க.

ஜூன்ல பிரச்சினை வேற. நண்பகல்ல சூரியன் 85 டிகிரி, கிட்டத்தட்ட உச்சந்தலை. டிஃப்யூசர் இல்லேனா நேரா சென்சாருக்குள்ள இறங்கும், அது குருடாகிடும். டிஃப்யூசர் இருந்தா ரெண்டு மேலயும் ஒரே மாதிரி விழுதானு மட்டும் பாருங்க. கம்பியோட நிழலோ பேரலோட நிழலோ முன் டிஃப்யூசர்ல விழுந்தாலே போச்சு.

ஆர்கேபுரம்வாசி:
மேடம் சொன்னதோட ஒண்ணு: முழுசா மூடின வானத்துல டிஃப்யூசரைக் கழட்டியும் பாக்கலாம். மேகமே டிஃப்யூசர். வெளிச்சம் கம்மியான நாள்ல பிளாஸ்டிக் வேற குறுக்க நின்னு பாதியைத் தின்னுடும்.

குறி177:
நன்றி எல்லாருக்கும். அப்போ வெயிலே வேண்டாம், ஹால்லயே வச்சுக்கலாம்னு பாத்தா அங்கதான் 161 முதல் 183, எல்லாத்தையும்விட மோசம். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழதான் வச்சேன், வெளிச்சம் நிறைய இருந்துது.

ஒளிமானி:
நிறைய இருந்தது, நிலையாக இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி. பெல்லட் கடக்க எடுப்பது 1.74. அதற்குள் விளக்கு தன் சுற்றில் ஆறில் ஒரு பங்கைக் கடந்துவிடுகிறது. முதல் சென்சார் ஏறும் வெளிச்சத்தில் பெல்லட்டைப் பார்த்தால் இரண்டாவது உச்சத்தில் பார்க்கும். அடுத்த குண்டுக்கு இது தலைகீழாகும். நீங்கள் எந்தக் கணத்தில் விசையை இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேகம் மாறுவது போலத் தெரியும்.

எல்இடி என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மலிவான பல்புகளில் டிரைவருக்குப் பதில் ஒரு கப்பாசிட்டரும் டயோடுகளும்தான் இருக்கும். அவையும் 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்குக் கீழே ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். நழுவலான மங்கல் கோடு தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் துடிக்கிற விளக்கு. செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்தாலும் தெரிந்துவிடும்.

ஆர்கேபுரம்வாசி:
ஒரே வழி: பெட்டி செஞ்சு, உள்ள பேட்டரி வெளிச்சம். செலவு பெருசில்ல. எல்இடி சாமான் பகீரத் பேலஸ்ல கிடைக்கும், அட்டை சாவ்ரி பஜார்ல.

பெட்டி: 5 மி.மீ. சன்போர்டு (பிளாஸ்டிக் நுரைப் பலகை). நீளம் 50, அகலம் 25, உயரம் 35 செ.மீ. உள்பக்கம் நாலு சுவரும் மேட் கறுப்பு, மேல்மூடி மட்டும் வெள்ளை. முன்னும் பின்னும் 7 செ.மீ. ஓட்டை, ரெண்டோட மையமும் ஒரே உயரத்துல. குரோனோவை அடியில வச்சு, பெல்லட் பாதை சென்சாருக்கு மேல 8லேர்ந்து 10 செ.மீ.ல வர்ற மாதிரி உயர்த்திக்குங்க. 4.5 மி.மீ. பெல்லட் ரொம்ப மேல போனா நிழல் நீர்த்துப் போகும். ரொம்பக் கீழ போனா சென்சாரையே உடைச்சுடுவீங்க. அதனால சென்சாருக்கு முன்னாடி ஒரு இரும்புப் பட்டி ஒட்டிடுங்க, கை நடுங்கினா அடி அதுல விழட்டும்.

விளக்கு: 12 வோல்ட் எல்இடி பட்டை, மீட்டருக்கு 60 எல்இடி. ஒவ்வொரு சென்சாருக்கும் நேர் மேல ஒரு துண்டு, 20 செ.மீ. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறது: பட்டை பெல்லட் போற திசைக்குக் குறுக்க இருக்கணும். சென்சார் பாக்கறது விசிறி மாதிரி ஒரு மெல்லிய தளத்தை, அது குறுக்குவாட்டுல விரியுது. பட்டையை நீளவாட்டுல ஒட்டினா சென்சாருக்கு நடுவுல ஒரு கீத்து வெளிச்சம்தான். பெல்லட் அரை அங்குலம் விலகினா பதிவாகாது.

பட்டைக்குக் கீழ 3–4 செ.மீ. விட்டு பால்வெள்ளை அக்ரிலிக், 3 மி.மீ. டிரேசிங் பேப்பர் ரெட்டையா மடிச்சாலும் ஆகும். இது இல்லேனா சென்சாருக்கு வெளிச்சம் வரிசையா புள்ளி புள்ளியாத் தெரியும். பெல்லட் ரெண்டு புள்ளிக்கு நடுவுல போச்சுனா நிழலே விழாது.

ரெண்டு துண்டையும் பேட்டரிக்குத் தனித்தனியா இணையா இழுங்க. ஒண்ணோட வால்லேர்ந்து அடுத்ததுக்கு எடுத்தா ரெண்டாவது மங்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் யுபிஎஸ் பேட்டரி போதும். 14.4 வாட் பட்டையா இருந்தாலும் 40 செ.மீ.க்கு அரை ஆம்பியர்தான் இழுக்கும். டிம்மர் கண்டிப்பா வேண்டாம், அது வெளிச்சத்தைக் குறைக்கிறதில்ல, வேகமா அணைச்சு அணைச்சு ஏத்துது. கூசினா இன்னொரு தாள் வைங்க.

ஸ்பிரிங்பிஸ்டன்:
பேட்டரி எதுக்கு? 12 வோல்ட் அடாப்டர் போதாதா?

ஆர்கேபுரம்வாசி:
நல்ல அடாப்டர்னா போதும். மலிவு அடாப்டர்ல 100 ஹெர்ட்ஸ் கசியும், சுமை ஏறினா இன்னும் கசியும். பென்சில் சோதனையில பாஸ் ஆனா பயன்படுத்துங்க. பவர்பேங்க்ல 5 வோல்ட் பட்டை ஓட்டறவங்களும் உண்டு; இழுப்பு கம்மியா இருந்தா பவர்பேங்க் தானா அணைஞ்சுடும், அது ஒரு தொல்லை.

குறி177:
அண்ணா, பெட்டி தயார், பட்டை எரியுது, கண்ணுக்கு நல்ல வெளிச்சம். ஆனா ஒரு குண்டு கூடப் பதிவாகல. வெளியில மேகத்துல வச்சா வேலை செய்யுது.

ஒளிமானி:
சென்சாரின் முகப்பைப் பாருங்கள். தெளிவான கண்ணாடி போலவா, கறுப்பாகவா?

குறி177:
கறுப்பு சார். கருநீலம்னு கூடச் சொல்லலாம்.

ஒளிமானி:
அதுதான் காரணம். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் ஒரு வடிகட்டி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்தி அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறது. வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. உங்கள் பெட்டி நமக்குத்தான் பிரகாசம், சென்சாருக்கு அமாவாசை. 850 நானோமீட்டர் அகச்சிவப்புப் பட்டை வாங்கி அதே இடத்தில் ஒட்டுங்கள். எரிகிறதா என்று கண்ணால் பார்த்தால் லேசான சிவப்பு மட்டுமே தெரியும்; செல்போனின் முன்பக்கக் கேமராவில் ஊதா வெளிச்சமாகத் தெரியும். எரியும் பட்டையைக் கிட்டத்திலிருந்து உற்றுப் பார்க்க வேண்டாம்.

அது கிடைக்கும்வரை காரின் 12 வோல்ட் 5 வாட் இழை பல்பு நான்கு, சென்சாருக்கு இரண்டாகப் போடுங்கள். இழை பல்பு வெளிவிடுவதில் பெரும்பங்கு அகச்சிவப்புதான். பேட்டரியில் எரிவதால் துடிப்பும் இல்லை. அக்ரிலிக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் உருகி வளையும். சுடும்போது மட்டும் ஏற்றுங்கள்.

வசந்த்குஞ்ச்_வடகிழக்கு:
இவ்வளவு மெனக்கெடுறதுக்கு ரேடார் வாங்கிடலாமே? லேப்ரேடார், கார்மின் ஸீரோ மாதிரி. வெளிச்சமே தேவையில்ல, இருட்டுல கூட அளக்கும்.

ஒளிமானி:
காசு இருந்தால் நல்ல யோசனை. வெளிச்சத் தொல்லை போய்விடும் என்பதும் சரி. ஆனால் ட்யூப் லைட் அங்கேயும் விடாது. 24 கிகாஹெர்ட்ஸ் டாப்ளர் ரேடாரில் 175 மீ/வி பெல்லட் கொடுக்கும் அதிர்வெண் 28 கிலோஹெர்ட்ஸ். எலக்ட்ரானிக் சோக் ட்யூபை எரிய வைப்பதும் அதே வட்டாரத்தில், சில பத்து கிலோஹெர்ட்ஸில். எரியும் ட்யூபுக்குள் இருக்கும் அயனிவாயு ரேடார் அலையை அந்தத் தாளத்தில் திருப்பி அனுப்பும். ரேடார் அதையும் ஏதோ பறப்பதாக எண்ணிக் குழம்பலாம். உள்ளரங்கில் ரேடார் முரண்டு பிடித்தால் முதலில் ட்யூபை அணையுங்கள்.

துக்ளகாபாத்_லேன்7:
ரேடாரோ ஆப்டிகலோ, ஒரு கருவியை அதே கருவியால சோதிக்க முடியாது. ஓலர் 35பி-ங்கற குரோனோவுல மூணு சென்சார் வச்சிருக்கறது அதுக்குத்தான்: ஒரே குண்டுக்கு ரெண்டு வேகம் கணக்குப் போட்டு, ஒத்துப்போகலேனா கொடி காட்டும். நம்மகிட்ட அது இல்ல. யார்கிட்டயாவது இன்னொரு குரோனோ இரவல் வாங்கி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வச்சு ஒரே குண்டை ரெண்டுலயும் அளங்க. வேகம் குறைஞ்ச குண்டு ரெண்டுலயும் குறைஞ்சா ரைஃபிள். ஒண்ணுல மட்டும் குறைஞ்சா அந்தக் குரோனோ. ரெண்டாவது எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். தட்டைத்தலை பெல்லட் மீட்டருக்கு ஏறக்குறைய 2 மீ/வி இழக்கும்.

இரவலும் கிடைக்கலேனா மைக். செல்போன்ல ஒலிப்பதிவு, கம்ப்யூட்டர்ல அலைவடிவத்தைப் பெருசாக்கிப் பாக்கறது. இலக்கா ஒரு தகரப் பட்டையை பெல்லட் டிராப்புக்குள்ள (குண்டைப் பிடிக்கிற பெட்டி) வைங்க, 10 மீட்டர். மைக் குழல்வாய்க்கும் தகரத்துக்கும் சம தூரத்துல இருக்கணும். அப்போதான் ரெண்டு சத்தமும் வந்து சேர எடுக்கற நேரம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். பக்கவாட்டுல தள்ளியே வைங்க, நேர்கோட்டுல வேண்டாம். தூரத்துல 10 செ.மீ. பிசகினா 0.3 மில்லிவினாடி போச்சு, டேப் வச்சு அளங்க. சுட்ட சத்தத்துக்கும் தகரச் சத்தத்துக்கும் இடையில 61 மில்லிவினாடி வந்தா சராசரி 164 மீ/வி. குழல்வாயில 175 பக்கம் இருந்தா 10 மீட்டர் சராசரி அவ்வளவுதான் வரும். இதுல அரை சதவீதம் முன்ன பின்ன ஆகும், ஆனா குரோனோ 3 சதவீதம் பொய் சொன்னா மாட்டிக்கும்.

குறி177:
மேடம், கார் பல்போட பெட்டியில 172 முதல் 174. சிதறல் சரியாயிடுச்சு. ஆனா மைக் கணக்குப்படி 175 இருக்கணும். எப்பவும் ஒரு சதவீதம் குறைவாவே காட்டுது.

ஆர்கேபுரம்வாசி:
சிதறாம ஒரே பக்கமா விலகினா அது வெளிச்சம் இல்ல, பெரும்பாலும் வடிவம். மடிக்கிற குரோனோ முழுசாத் தட்டையாத் திறந்திருக்கா? கீல்ல தூசி மாட்டி நடு எழும்பியோ தாழ்ந்தோ இருந்தா ரெண்டு சென்சாரோட பார்வைத் தளமும் இணையா இருக்காது. ஒரு டிகிரி சாய்ஞ்சா, 10 செ.மீ. உயரத்துல 1.7 மி.மீ. பிசகு. 305-க்கு அரை சதவீதத்துக்கு மேல! ரெண்டு பாதியும் ஆளுக்கு ஒரு டிகிரி சாய்ஞ்சா ஒரு சதவீதம், உங்க கணக்கு அப்படியே வருது. ஸ்டீல் ஸ்கேலை ரெண்டு பாதிக்கும் குறுக்க வச்சு கீழ வெளிச்சம் தெரியுதானு பாருங்க.

மொத்தக் குரோனோவும் சரிஞ்சிருக்கறதைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. ஒரு அடிக்கு 1 செ.மீ. சரிவுக்கு 0.05 சதவீதம்தான். ஜனங்க அதுக்கு மட்டம் வச்சுப் பாப்பாங்க, கீலை விட்டுடுவாங்க.

குறி177:
ஸ்கேல் நடுவுல முட்டி நிக்குது, ஓரத்துல ஒரு கார்டு சொருகற அளவு இடைவெளி! கீலைச் சுத்தம் பண்ணி, அடியில பலகை வச்சு ரப்பர் பேண்ட் போட்டேன். இப்போ 174.2 முதல் 176.

வசந்த்குஞ்ச்_வடகிழக்கு:
பேச்சைக் கொஞ்சம் திருப்புறேன், மன்னிக்கணும். ஸ்பிரிங் ரைஃபிள், அதே 0.53 கிராம், வெளியில டிஃப்யூசரோட 270 மீ/வி காட்டுது. 20 ஜூலுக்குள்ள இருக்கா?

ஒளிமானி:
2016 ஆயுத விதிகளின்படி .177-க்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் இருந்தால் உரிமம் வேண்டாம். ஆற்றல் என்பது கிலோகிராமில் எடை, பெருக்கல் வேகத்தின் வர்க்கம், அதில் பாதி. 0.53 கிராமுக்கு 270-ல் 19.3 ஜூல். எல்லை 274.7 மீ/வி. வேகத்தில் 1 சதவீதப் பிழை ஆற்றலில் 2 சதவீதமாக இரட்டிக்கும். உங்கள் குரோனோ 2 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்றால் உண்மை வேகம் 275-ஐத் தாண்டுகிறது, எல்லையும் தாண்டுகிறது. வெயிலில் எடுத்த 270-ஐ வைத்து உள்ளே வெளியே என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் வைத்து அளந்து, மைக்கோடு ஒப்பிட்டுவிட்டு நம்பரைப் போடுங்கள். 0.45 கிராம் பெல்லட்டிலும் அளங்கள், அதற்கு எல்லை 298. ஸ்பிரிங் துப்பாக்கி எல்லா எடைக்கும் ஒரே ஆற்றல் தராது.

ஸ்பிரிங்பிஸ்டன்:
அளக்கறதுக்கு முன்னாடி குரோனோவோட 9 வோல்ட் பேட்டரியை மாத்திடுங்க. 7-க்குக் கீழ இறங்கினா டிஸ்ப்ளே எரியும், சென்சார் தூங்கும். புது ஸ்பிரிங்னா முதல் டப்பா முடியறவரைக்கும் எழுதி வைக்கவே வேண்டாம், எண்ணெய் எரிஞ்சு வேகம் கூடித்தான் வரும்.